சீட்டு வாங்கும் ஜன்னலிலேயே பாதி பயம்

வாசகர் கேள்வி – பதில்

குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மருத்துவமனைக்குப் போகும்போது என்ன சிரமம் என்று கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. மாத்திரை சரியில்லை, ஊசி சரியில்லை என்று எழுதியவர்கள் குறைவு. “சொல்லாமல் செய்தார்கள்”, “எல்லார் முன்னாலும் கேட்டார்கள்” என்று எழுதியவர்களே அதிகம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் “எதுக்கு வந்தீங்க?” என்று சத்தமாகக் கேட்கிறார்கள். பின்னால் நிற்பவர் எங்கள் தெருக்காரர். “தலைவலி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இதற்கு வழியே இல்லையா? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: வழி இருக்கிறது, செலவும் இல்லை. சீட்டு போடுபவருக்குத் தேவை பெயர், வயது, ஊர், எந்த அறைக்குப் போக வேண்டும் என்ற எண், அவ்வளவுதான். காரணத்தை அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு நர்ஸ் கேட்டுக்கொள்ளலாம். இப்போதைக்கு நீங்கள் “லேடி டாக்டரைப் பார்க்கணும்” என்று மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் வரிசையில் நின்று விளக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மருத்துவமனை நடத்துபவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தப்பு செய்கிறார்கள். ரகசியம் காக்கிறோம் என்று குடும்பக் கட்டுப்பாட்டுக்கு (கு.க.) மட்டும் ரோஸ் கலர் டோக்கன் கொடுப்பார்கள். ரோஸ் டோக்கன் என்றால் என்ன என்று ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். கலர் வைப்பதானால் கிழமைக்கு ஒன்றாகவோ அறைக்கு ஒன்றாகவோ வையுங்கள், காரணத்துக்கு வைக்காதீர்கள். கதவுக்கு மேல் கொட்டை எழுத்தில் “குடும்பக் கட்டுப்பாடு” என்று எழுதாமல் “அறை எண் 6” என்று எழுதுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உள்ளேயும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் போடாமல் முடியாது. ஃபேன் போட்டால் திரை பறக்கும், படுத்திருப்பவர் இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். திரையின் கீழ் மடிப்பில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டையோ கயிற்றில் கோத்த இரும்பு வாஷர்களையோ வைத்துத் தைத்துவிட்டால் திரை அசையாது. பரிசோதனைக் கட்டிலின் கால்மாடு கதவைப் பார்த்து இருக்கவே கூடாது. கட்டிலைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம் ஆகும். எத்தனையோ இடங்களில் வருஷக்கணக்காகத் திருப்பாமல் கிடக்கிறது.

கேள்வி: காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைக்கப் போனேன். “தீட்டானதும் வா” என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனால் அன்று டாக்டர் இல்லை. இரண்டு நாள் கூலி போச்சு. ஏன் அப்படி? (வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: மாதவிலக்கு நேரத்தில் வைத்தால் கர்ப்பம் இல்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அதை வைத்து வந்த பழக்கம் இது. ஆனால் கர்ப்பம் இல்லை என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் உண்டு. ஆறு கேள்வி கேட்டால் போதும். போன மாதவிலக்குக்குப் பிறகு கணவருடன் சேராமல் இருந்தாரா? குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருக்கிறதா? பிரசவமாகி 4 வாரத்துக்குள்ளா? மாதவிலக்கு தொடங்கி 7 நாளுக்குள்ளா (காப்பர்-டி என்றால் 12 நாள்)? கரு கலைந்து 7 நாளுக்குள்ளா? நம்பகமான வேறு முறையை விடாமல் பயன்படுத்தி வருகிறாரா? இவற்றில் ஒன்றுக்கு “ஆமாம்” என்று வந்து, கர்ப்பத்தின் அறிகுறியும் இல்லையென்றால் அன்றைக்கே தொடங்கிவிடலாம். முக்கியமான ஒரு விலக்கு: பிரசவமாகி 48 மணி நேரம் கடந்தவர்களுக்கு 6 வாரம் முடியும்வரை காப்பர்-டி வைப்பதில்லை.

ஆறுக்கும் “இல்லை” என்றால்கூட வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆணுறை கொடுத்து, எந்தத் தேதியில் வர வேண்டும், அன்று டாக்டர் இருப்பாரா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். அந்த ஆறு கேள்வியையும் ஓர் அட்டையில் அச்சடித்து நர்ஸின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் உங்களைப் போன்றவர்களின் இரண்டாவது பஸ் பயணம் மிச்சமாகும்.

கேள்வி: காப்பர்-டி வைக்கும்போது என் தோழி வலியில் கத்தியதற்கு, “பெத்துக்கும்போது வலிக்கலையா?” என்று திட்டினார்களாம். எனக்குப் போகவே பயமாக இருக்கிறது. உண்மையில் எவ்வளவு வலிக்கும்? (வாசகி, வில்லியனூர்)

பதில்: வலிக்கும். “எறும்பு கடி மாதிரி” என்று சொல்லி ஏமாற்றுவது திட்டுவதைவிட மோசம், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். மொத்த வேலையும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். அதில் வலி வருவது மூன்று இடங்களில். கர்ப்பப்பை வாயை வல்செல்லம் என்ற பிடிப்பானால் பிடிக்கும்போது சுருக்கென்று இருக்கும். ஆழம் பார்க்கும் சவுண்டு கம்பி உள்ளே போகும்போது மாதவிலக்கு வலியைப் போல அடிவயிறு இழுக்கும். காப்பர்-டி குழாய் போகும்போது அதே இழுப்பு இன்னொரு முறை வரும். ஒவ்வொன்றும் சில நொடிகள்தான். சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும் குழந்தை பெறாதவர்களுக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

உள்ளே பார்க்க வழியைத் திறந்து பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைப்பது வலி என்பதைவிட கூச்சமும் இறுக்கமும்தான். மார்கழிக் காலையில் சில்லென்ற எஃகை அப்படியே வைத்தால் உடம்பு தானாக இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும். கொதிக்க வைத்து ஆற்றிய வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முதலில் தொடையின் உட்புறத்தில் தொட்டுக் காட்டி, “இதுதான், இவ்வளவு சூடுதான், இப்போ வைக்கிறேன்” என்று சொன்னால் பாதி இறுக்கம் அங்கேயே போய்விடும். அடுத்து மூன்று இடத்திலும், செய்த பிறகு அல்ல, செய்வதற்கு ஒரு நொடி முன்னால் “இப்போ ஒரு சுருக்” என்று சொல்ல வேண்டும். எதிர்பார்த்து வரும் வலி வேறு, திடீரென்று வரும் வலி வேறு.

நீங்கள் செய்யக்கூடியவை: போவதற்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறு மயக்கத்துக்கு வழி. படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். சேலையோ நைட்டியோ கட்டிப் போனால் எதையும் கழற்றாமல் மேலே ஏற்றிக்கொண்டாலே போதும். வலி மாத்திரை முன்கூட்டியே போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐபுப்ரோஃபென் போன்றவை பிறகு வரும் இழுப்பு வலிக்கு உதவும், வைக்கும் நொடியின் வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அல்சர், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். “நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துவீங்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். “நிறுத்துவேன்” என்று பதில் வந்தால் நல்ல கைதான்.

முடிந்ததும் உடனே எழ வேண்டாம். பத்து நிமிடம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு எழுங்கள். கர்ப்பப்பை வாயைத் தொடும்போது சிலருக்கு நாடி மெலிந்து தலை சுற்றும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்த நிலையில் பஸ் ஏறக் கூடாது. கையில் ஓர் அட்டை கொடுக்கச் சொல்லுங்கள்: வைத்த தேதி, வகை (380ஏ என்றால் 10 ஆண்டு, 375 என்றால் 5 ஆண்டு), எடுக்க வேண்டிய வருடம், அடுத்து வர வேண்டிய நாள். முதல் இரண்டு மூன்று மாதம் மாதவிலக்கு கூடுதலாகவும் வலியோடும் இருக்கலாம், பிறகு பெரும்பாலும் அடங்கும். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலோ, காப்பர்-டியின் நுனியில் உள்ள நூல் கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ அட்டையில் உள்ள தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கு.க. நாளன்று 10 மணிக்கு மேல் கூட்டம் தாங்கவில்லை. இருப்பது இரண்டே நர்ஸ்கள். ஆள் கூட்டிக் கேட்டால் கிடைக்காது. வந்தவர்கள் எரிந்து விழுகிறார்கள். என்ன செய்யலாம்? (ஒரு செவிலியர், கடலூர் மாவட்டம்)

பதில்: முதலில் கூட்டம் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு கு.க. நாளில் வரும் இருபது பேரின் சீட்டின் பின்னால் நான்கு நேரத்தை மட்டும் குறியுங்கள்: வந்தது, நர்ஸ் பார்த்தது, டாக்டர் பார்த்தது, வெளியே போனது. மூன்று மணி நேரம் காத்திருந்தவரிடம் யாராவது பேசியது மொத்தம் பதினைந்து நிமிடம்தான் என்று தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

காப்பர்-டி நாளில் தேக்கம் பல நேரம் ஆளால் வருவதில்லை, கருவியால் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செட் என்பது ஸ்பெகுலம், வல்செல்லம், சவுண்டு, பஞ்சு பிடிக்கும் ஸ்பாஞ்ச் ஹோல்டர், கத்தரிக்கோல், கிண்ணம். ஒருவருக்குப் பயன்படுத்தியதும் குளோரின் கரைசலில் 10 நிமிடம். கழுவித் துடைக்க 10 நிமிடம். ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) சூடேறக் கால் மணி. 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், துணியில் பொதிந்தது என்றால் 30 நிமிடம். அழுத்தம் இறங்கி உலர இன்னும் 25 நிமிடமாவது வேண்டும். ஆக ஒரு செட் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். உங்களிடம் நான்கு செட் இருந்தால், டாக்டர் சும்மா இருந்தாலும் ஐந்தாவதாக வரும் பெண் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பத்து செட் வாங்கி முந்தின நாள் மாலையே பொதிந்து வைத்தால், நீங்கள் கேட்ட கூடுதல் ஆள் தேவைப்படாமல்கூடப் போகலாம். உயரதிகாரிக்கு எழுதும்போது “நர்ஸ் வேண்டும்” என்பதைவிட “ஆறு செட் வேண்டும், காரணம் இது” என்று இந்தக் கணக்கையே எழுதுங்கள்.

அவசரத்தில் கிருமிநீக்க நேரத்தை வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். குளோரின் கரைசல் 0.5 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் 15 கிராம், அதாவது தலை தட்டிய 3 டீஸ்பூன். பிளாஸ்டிக் வாளியில், அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். நேற்றைய கரைசலில் வேகம் இருக்காது. பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் எஃகு அரிக்கும். அரித்த ஸ்பெகுலம் சொரசொரப்பாகி வலியைக் கூட்டும்.

அடுத்தது, டாக்டரைப் பார்க்கவே தேவையில்லாதவர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மாலா-என் (கருத்தடை மாத்திரை) அட்டை வாங்க வந்தவருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியான அந்தராவின் தவணைக்கு வந்தவருக்கும் தனி மேஜை. சந்தேகம் ஒன்றும் இல்லையென்றால் மூன்று நான்கு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். ஆணுறைப் பெட்டியை மேஜையில் வைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். வெளியே போகும் வழியில், கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள்.

டோக்கனிலும் நேரம் போடுங்கள். எல்லாரையும் 8 மணிக்கு வரச் சொல்லாமல் அரை மணிக்கு நான்கு பேர் என்று பிரித்து, தூரத்து ஊர்க்காரர்களிடம் எந்த பஸ்ஸுக்கு வருவீர்கள் என்று கேட்டே எழுதுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவர்களுக்கு அரை நாள் என்பது அரை நாள் கூலி. தாமதமானால் “டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், இன்னும் 40 நிமிடம் ஆகும்” என்று ஒருவர் வெளியே வந்து சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த காத்திருப்பில் கோபம் குறைவு.

கேள்வி: அந்தரா ஊசி போட்டு இரண்டு மாதம். விட்டு விட்டுத் தீட்டுப் படுகிறது. மாமியார் “உடம்பு கெட்டுப்போச்சு, இனி போடாதே” என்கிறார். ஊசி போட்டபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. (வாசகி, பண்ருட்டி)

பதில்: முதல் சில மாதங்களில் ஒழுங்கில்லாமல் படுவது இந்த ஊசியில் சகஜம். நாள் போகப் போகப் பலருக்கு மாதவிலக்கு நின்றேவிடும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதில்லை, கர்ப்பப்பையின் உள்தோல் மெல்லியதாகிவிடுவதால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவே. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அதிகமாகவோ இரண்டு மடங்கு நாட்களோ பட்டால் போய்க் காட்டுங்கள், கட்டுப்படுத்த மாத்திரை உண்டு. ஊசியை நிறுத்தினால் கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழிலிருந்து பத்து மாதம்வரை ஆகலாம். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்து, மூன்று மாதம் தாங்காமல் போகலாம். நம் வீடுகளில் ஊசி போட்டால் தேய்த்துவிடுவதுதான் முதல் வேலை. அதனால் மாமியாரிடமும் சேர்த்தே சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்த ஊசி சரியாக மூன்று மாதத்தில். தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டுக்கொள்ளலாம், நான்கு வாரம் தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்த இடைவெளி தெரியாமல் “தேதி தாண்டிடுச்சு” என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிரசவத்துக்கு வந்து தாய் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டவர், அடுத்த தவணைக்குள் புகுந்த வீட்டுக்குப் போயிருப்பார். அட்டையைப் பீரோவில் பூட்டாமல் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொண்டால் புதுச்சேரியில் போட்டதைக் கடலூரில் தொடரலாம். கிளினிக்கில் முகவரி எழுதும்போதே “மூணு மாசம் கழிச்சு எந்த ஊர்ல இருப்பீங்க?” என்று கேட்பது நல்ல பழக்கம்.

கேள்வி: சிசேரியனுக்குப் பிறகு என்னைக் கேட்காமலே காப்பர்-டி வைத்திருக்கிறார்கள். ஸ்கேனில்தான் தெரிந்தது. எடுக்கச் சொன்னால் “ஒரு வருஷம் போகட்டும்” என்கிறார்கள். (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: கேட்காமல் வைத்தது தவறு. கேட்டும் எடுக்காதது இரண்டாவது தவறு. காப்பர்-டியை எந்த நாளிலும் எடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எடுக்காவிட்டால் வேறு எந்த அரசு மருத்துவமனையிலும் எடுத்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். எடுக்கும் அன்றிலிருந்தே கரு தங்க வாய்ப்புண்டு என்பதால் மாற்று முறையை யோசித்துக்கொண்டு போங்கள்.

மருத்துவமனைகளுக்கு ஒரு சொல். பிரசவ வலியில் துடிப்பவரிடம் “வெச்சிடலாமா?” என்று கேட்டு அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதக் கூடாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு எத்தனை முறை வருகிறார்! அப்போது மாதிரிக் காப்பர்-டியைக் கையில் கொடுத்து, நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அவர் சொன்ன பதிலை அட்டையில் எழுதி வையுங்கள்.

கேள்வி: எனக்குக் கு.க. ஆபரேஷன் செய்ய வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவர் வெளிநாட்டில். (வாசகி, குறிஞ்சிப்பாடி)

பதில்: வேண்டாம். அரசு விதிமுறைப்படி ஆபரேஷன் செய்துகொள்பவரின் சம்மதமே போதும். படிவம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, முகாம்களுக்கு வந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தது நினைவிருக்கலாம். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. படிவத்தைப் புரியும் மொழியில் விளக்கி, மனம் மாறினால் மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரம்போல அவகாசமும் தர வேண்டும் என்றது. ஆபரேஷன் டேபிள் பக்கத்தில் நிற்க வைத்து வாங்கும் கையெழுத்தில் அந்த அவகாசம் எங்கே இருக்கிறது?

கேள்வி: நானே ஆபரேஷன் செய்துகொள்ளத் தயார். ஆனால் போனால் முழுக்கப் பெண்கள் கூட்டம், கூச்சமாக இருக்கிறது. (வாசகர், பாகூர்)

பதில்: உங்களைப் போல வருபவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை, அதனால் உங்களுக்கென்று ஒரு நாற்காலிகூட யாரும் போடவில்லை. ஆண்களுக்கான தழும்பில்லா வாசெக்டமியை சர்ஜரி ஓ.பி.யில் கேளுங்கள், மகப்பேறு வார்டு பக்கம் போகவேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சின்னத் துளை வழியாக, தையல் இல்லாமல் கால் மணியில் முடியும். அன்றே வீட்டுக்கு வரலாம். 48 மணி நேரம் ஓய்வு. இறுக்கமான ஜட்டி. ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள் வேண்டாம். ஆண்மை குறையாது.

உடனே பலன் வராது என்பதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குழாயில் ஏற்கெனவே உள்ள விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்தால்தான் சான்றிதழ். அந்தப் பரிசோதனைக்குப் போகாமலே விட்டு, மனைவி கர்ப்பமானதும் வீட்டில் சந்தேகப் புயல் கிளம்பிய குடும்பங்கள் உண்டு. மூன்றாவது மாதத் தேதியை ஆபரேஷன் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் ஆலோசனைப் பெட்டி வைத்தோம். ஆறு மாதமாகக் காலி. எல்லாரும் திருப்தி என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஒரு மருத்துவர், புதுச்சேரி)

பதில்: பெட்டி எங்கே இருக்கிறது? நர்ஸ் மேஜைக்கு எதிரில் என்றால் யார் போடுவார்கள்? பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில், பேனாவைக் கயிற்றில் கட்டி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சிரித்த முகம், வாடிய முகம் போட்ட சீட்டுகளைப் பக்கத்தில் வையுங்கள்.

அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. “திருப்தியா?” என்று கேட்டால் எல்லாரும் “நல்லாப் பாத்தாங்க” என்றுதான் சொல்வார்கள். வாரத்தில் ஒரு நாள், சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் வாசலில் நின்று, வெளியே போகும் ஐந்து பேரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? மறுபடி எப்போது வர வேண்டும்? என்ன நடந்தால் உடனே வர வேண்டும்? ஐந்தில் மூன்று பேர் கடைசிக் கேள்விக்கு முழித்தால், அன்று ஆலோசனை அறையில் வாய் பேசியிருக்கிறது, காது கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆலோசனை முடியும்போது, “வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க, எங்கிட்ட ஒருமுறை சொல்லுங்க” என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பாருங்கள்.